எல்-1 நாற்காலி

ஜூலை 8, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவுக்கு இருபது நிமிடம். சிறுசேரி 9.10. லேட் மார்க்.
ஹெல்ப் டெஸ்க்கில் போன் கால்கள் 31. பாஸ்வேர்டு மறந்தவர்கள் மட்டும் 22.
நான்காவது மாடி அக்கவுண்ட்ஸ் பெண் அழாத குறை. திரை இருட்டு. கேட்டதுமே தெரிந்தது, கேபிள் லூஸ். ஆனால் போனில் மட்டும் பதில் சொல்லும் எல்-1 ஆள் சீட்டை விட்டு எழக்கூடாது. "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்று எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, நேரில் போய்ப் பார்க்கும் எல்-2வுக்குத் தள்ளிவிட வேண்டும். எழுந்து போனேன். இரண்டே நிமிடம். "தேங்க்ஸ் அங்கிள்."
அங்கிளாம். ஒரு காலத்தில் மூன்று மாடியிலும் "பாண்டியண்ணா". சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், மேசைக்கு அடியில் தவழ்ந்து வயர் இழுப்பு, போகிற இடமெல்லாம் டீ.

ஜூலை 9
டீம் லீட் கார்த்திக் கூப்பிட்டான். என் மகள் வயசு.
"சீட்டை விட்டு ஏன் போனீங்க சார்? எஸ்கலேட் பண்ணணும்ல?"
"ரெண்டு நிமிஷ வேலைப்பா."
"எல்-2 வேணும்னா அந்தப் புரமோஷன் பரீட்சைய எழுதிடுங்களேன்."
எழுத மாட்டேன். பழைய மெஷினைப் பிரித்துப் பிரித்துக் கற்றவன் நான். ஒன்பது வருடம் முன்பு புரமோஷன் லிஸ்டில் என் பெயரை அடித்தார் அப்போதைய மேனேஜர். எல்லார் முன்னாலும்: "டிகிரி இல்லாத ஆளுக்கு இதுவே அதிகம்." பிறகு எங்கள் கிண்டி ஆபீசுக்கு மாற்றலாகிப் போனார். அவர் வாயால் தப்பு என்று சொல்லட்டும். அதுவரை நகர்வதில்லை.

ஜூலை 13, ஞாயிறு
மாமல்லபுரம். நல்ல வெயில், காற்று. பழைய கூட்டாளி செல்வம் அங்கே ஒரு ரிசார்ட்டில் சிஸ்டம் பார்க்கிறான். இன்னொரு ஆள் தேவை. பேசப் போனவன், உப்புக்காற்றில் பச்சை பூத்த பில்லிங் மெஷினைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு ஓடியது.
"இன்னா அண்ணாத்த, அங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற? வெள்ளிக்குள்ள சொல்லு."
"அந்த ஆளு சொல்லாம வரமாட்டேன்."
"எந்த ஆளு?"
மெஷின் மூடியை மாட்டினேன்.
திரும்பும் பஸ்ஸில், கூட வந்த மனைவி மல்லிகா: "சோத்தையே மறந்துட்ட இன்னிக்கு. ஆபீசுல பன்னெண்டுக்கே டப்பாவ தொறக்கற மனுசன்!"

ஜூலை 15
கேஸ் சிலிண்டர் புக் பண்ண. கண் சொட்டு மருந்து. மல்லிகா செருப்பு.
செல்வம் போன் இரண்டு முறை. எடுக்கவில்லை.

ஜூலை 16
மதியம் கால் இல்லை. பாஸ்வேர்டு மாற்றும் திரையில் அந்த மேனேஜர் பெயரை டைப் அடித்துப் பார்த்தேன். கிண்டியில் எந்த மாடி என்று தெரிந்துகொள்ள.
கணக்கு முடக்கம். அவர் வேலையை விட்டு ஆறு வருடம்.
முடக்கியவர் என்ற இடத்தில் என் ஐ.டி.
வேலையை விட்டவர்கள் லிஸ்ட் வெள்ளிதோறும் வரும். பெயர் இருக்காது, வெறும் நம்பர்கள். நாற்பது, ஐம்பது. டீ ஆறுவதற்குள் அத்தனை கணக்கையும் மூடிவிடுவேன். அவரையும் அப்படித்தான்.
ஆறு வருடம்.

ஜூலை 17
வெயில். ராஜினாமா படிவம் திறந்தேன். காரணம் கேட்டது. மேல்படிப்பு, திருமணம், இடமாற்றம், மேலதிகாரியுடன் கருத்து வேறுபாடு. கடைசியின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.
இடமாற்றம் என்று போட்டேன்.