நிறுத்தச் சொன்ன பிறகு

ஜூலை 8, செவ்வாய்
பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு பிரசவ கேஸ். ஆஸ்பத்திரி போவதற்குள் ஆம்புலன்ஸிலேயே குழந்தை பிறந்துவிட்டது. டிரைவர் ஆரோக்கியசாமி அண்ணன் சாயங்காலம் வரை சிரித்த முகமாகவே இருந்தார்.

ஜூலை 9, புதன்
நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்றரைக்கு அழைப்பு. தோல் கம்பெனிகளை ஒட்டிய சந்து. ஆம்புலன்ஸ் உள்ளே போகாது. பையைத் தூக்கிக்கொண்டு அண்ணனும் நானும் ஓடினோம். கட்டிலில் வாஹித் பாஷா, அறுபத்து மூன்று வயது, எலும்பும் தோலுமாக. உடம்பில் சூடு இருந்தது. நாடி இல்லை. மூச்சு நின்று பத்து நிமிஷம் இருக்கும் என்றார் மகன் ஹஸன்.

பெரியவரைத் தரையில் இறக்கச் சொன்னேன். அவர் மனைவி மஹ்பூபியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நக்கோ மா, வேணாம். நெஞ்சுல கை வெக்காத. அவரே வேணாம்னு சொல்லிட்டார்."

"அம்மி, சும்மா இரு! மேடம், எதையாவது செய்ங்க!"

டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அந்தம்மா இருக்கிறது என்றார். மகன் இல்லவே இல்லை என்றார். நான் யோசித்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நொடியும் அந்த மனிதரின் நொடி. கையை விடுவித்துக்கொண்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பத்து தடவை அமுக்குவதற்குள் விலா எலும்பு ஒன்று உடைந்தது. சத்தம் அந்தம்மாவுக்கும் கேட்டது.

அண்ணன் மூச்சுப் பையை அமுக்கினார். கண்ட்ரோல் ரூம் டாக்டர் ஃபோனில், ஸ்பீக்கரில். ஊசி இரண்டு தடவை போட்டாயிற்று. அப்போதுதான் அந்தம்மா பீரோவிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நுரையீரல் புற்றுநோய், எலும்பு வரை பரவிவிட்டது, இனி சிகிச்சை இல்லை, வீட்டில் வலியில்லாமல் வைத்துக்கொள்ளவும். அமுக்கிக்கொண்டே டாக்டருக்குப் படித்துக் காட்டினேன்.

"மானிட்டர்ல?"

"நேர்கோடுதான் சார். இருபது நிமிஷம் ஆச்சு."

"நிறுத்திடுங்க சௌந்தர்யா."

நான் நிறுத்தவில்லை. எதிரே ஹஸன் மண்டியிட்டு என்னோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். முப்பது எண்ணி மூச்சுக்காக நிறுத்தும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிஷம் அமுக்கினேன். "போதும்மா" என்று அண்ணன்தான் என் தோளைத் தொட்டார்.

ரிப்போர்ட்டில் டாக்டர் சொன்ன நேரத்திலேயே நிறுத்தியதாக எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்?

ஜூலை 10, வியாழன்
தூக்கமே வரல. அந்த ரெண்டு நிமிஷம் யாருக்கு? போனவருக்கு இல்ல. வேணாம்னு கெஞ்சுன பொம்பள கண்ணெதிர்ல, அவங்க புருஷன் நெஞ்ச — நான் யாரு அதுக்கு?

ஜூலை 16, புதன்
ஹஸன் புகார் கொடுத்திருக்கிறார். அப்பா பிழைத்திருப்பாராம், பாதியில் விட்டுவிட்டோமாம். திங்கட்கிழமை வேலூரில் விசாரணை.

என் வீட்டுக்காரர் ராஜேஷ் சொல்கிறார்: "டாக்டர் சொன்னாரு, நிறுத்துனேன்னு சொல்லிட்டு வா. அதுக்கு மேல வாயத் தொறக்காத." வேலை போனால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. எனக்கு மட்டும் இல்லையா?

ஜூலை 21, திங்கள்
அதிகாரி ஃபோன் பதிவைப் போட்டார். "நிறுத்திடுங்க" என்ற குரல். அதற்குப் பிறகும் நான் எண்ணும் சத்தம். கூடவே ஹஸன் குரல்.

"இது இன்னாம்மா? ரிப்போர்ட்ல வேற நேரம் போட்டிருக்கீங்க?"

ராஜேஷ் சொன்னது ஞாபகம் வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"அவர் பையன் முகத்தப் பார்த்தேன் சார். உடனே கைய எடுக்க முடியல. நேரத்த மாத்தி எழுதுனது தப்பு."

ஹஸன் நிமிரவே இல்லை. பின்னாலிருந்து மஹ்பூபியம்மா எழுந்தார்.

"ஏன் நிறுத்துனாங்கன்னு கேக்குறீங்களே, ஏன் ஆரம்பிச்சாங்கன்னு யாரும் கேக்க மாட்டீங்களா?"

நான்தான் சொன்னேன்: "காகிதம் கைக்கு வரலம்மா. உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது சரின்னு எனக்கு அப்போ தெரியல."

அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

சிகிச்சையில் தவறு இல்லை என்று எழுதினார்கள். நேரத்தை மாற்றியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி
மத்தியானம் வண்டி நிற்கும் இடத்துக்கே ஹஸன் வந்தார். அண்ணன் நடுவில் வந்து நின்றுகொண்டார், சண்டைக்கு வந்திருப்பாரோ என்று.

"அப்பாவுக்கு வலிச்சிருக்குமா மேடம்?"

"இல்ல. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"முந்தின நாள் அப்பா என்கிட்டயும் சொன்னார். மூச்சு நின்னா யாரையும் கூப்பிடாதடான்னு. சரின்னு தலையாட்டினேன். நின்னதும் கை தானா ஃபோன எடுத்துடுச்சு."

கோபம் வாய் வரைக்கும் வந்தது. அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கை வெச்சிருக்க மாட்டேனே! — வெச்சிருக்க மாட்டேனா? தெரியல.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"சொல்லுங்க."

அதற்குள் நாட்றம்பள்ளி பக்கம் விபத்து என்று அழைப்பு. அவரை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.

ஜூலை 28, திங்கள்
ஹஸன் ஃபோன் பண்ணினார். சொல்லிவிட்டாராம். "எனக்குத் தெரியும்டா" என்றாராம் அம்மா. அப்புறம், இத்தனை நாளுக்குப் பிறகு, தட்டு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாராம்.