அட்ராசிட்டின்னா இன்னா?

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

பாப்பா இன்று உப்பு டப்பாவைத் தண்ணீர்க் குடத்தில் கவிழ்த்துவிட்டாள். "இவ அட்ராசிட்டி தாங்கலயே"ன்னு நான் கத்த, ரமேஷ் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அப்பனும் மகளும் ஒரே கட்சி.

15 பிப்ரவரி

எழுத முடியல. ரமேஷ் ஆஸ்பத்திரியில்.

16 பிப்ரவரி

எழுதினால்தான் நெஞ்சு ஆறும்.

முந்தாநாள் காலை ரமேஷ் கழுத்தில் பறிக் கூடையைக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கி, கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனார். இறால் பண்ணையில் மோட்டாரைக் காணோமாம். பண்ணைக்காரன் ஆள்கள் மூணு பேர் வந்து இவரைக் கரைக்கு இழுத்துப்போய் தென்னமரத்தில் கட்டியிருக்கிறார்கள். சாதிப் பேரைச் சொல்லிச் சொல்லி அடி. அப்புறம் வலது கையைக் கல் மேல் வைத்து, "இதானேடா திருட்டுக் கை"ன்னு செங்கல்லால்... ஐயோ, எப்படிடா மனசு வந்துச்சு உங்களுக்கு?

கோட்டைக்குப்பத்து மீனவர் தானியேல் அண்ணன் தன் படகில் போகும்போது இதைப் பார்த்திருக்கிறார். சத்தம் போட்டுக் கரையேறி, கட்டை அவிழ்த்து, தன் படகிலேயே கொண்டுவந்து சேர்த்தார். அவர் இல்லைன்னா? நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்குப் போனேன். "குடிச்சிட்டு தகராறுன்னு எழுதிக்கறேன், போம்மா" என்றார் ஏட்டு. ரமேஷ் குடிக்கவே மாட்டாரே. அதைக்கூடச் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

17 பிப்ரவரி

நர்ஸ் செசிலியா அக்கா என் அழுகையைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த வக்கீலுக்கு போன் போட்டார். சாயங்காலமே வந்துவிட்டார் கீதா மேடம். எல்லாம் கேட்டுவிட்டு, "இது தகராறு இல்ல ஆர்த்தி, அட்ராசிட்டி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பசங்க சேட்டைக்குச் சொல்றதாச்சே மேடம்? வெளையாடுறீங்களா?"

"சினிமாவும் டிவியும் அப்படி ஆக்கிடுச்சும்மா. நெஜமான அர்த்தம் வேற. மனுஷனுக்கு மனுஷன் செய்யவே கூடாத கொடுமை. தமிழ்ல வன்கொடுமைன்னு சொல்வோம். இருளர்தானே, கேக்க நாதி இல்லன்னு அடிச்சாங்களே, அதுக்குன்னே சட்டம் இருக்கு. அதோட பேர்லயே இந்த வார்த்தை இருக்கு."

இவ்வளவு பெரிய வார்த்தையையா நான் உப்பு டப்பாவுக்குச் சொன்னேன்? எங்களுக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது, சட்டமே வைத்த பெயர். இன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்குவேன்.

19 பிப்ரவரி, திங்கள்

மறுபடி ஸ்டேஷன். கீதா மேடம் பக்கத்தில் இருந்தார், ஆனால் "நீயே சொல்லு"ன்னுட்டார்.

"சார், இது தகராறு இல்ல. அட்ராசிட்டி."

ஒரு போலீஸ்காரப் பையன் களுக்கென்று சிரித்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "சிரிக்காதீங்க சார். எம் புருஷன் கைய கல்லு மேல வெச்சு நசுக்கினாங்கோ. இருளன்னு சொல்லி நசுக்கினாங்கோ. அதுக்குப் பேரு இன்னா, நீங்களே சொல்லுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்ஸ்பெக்டர் என்னை உட்காரச் சொன்னார். "பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

வாசலில் நின்ற தானியேல் அண்ணன் உள்ளே வந்தார். "நான் பாத்தேன் சார். எங்க வேணா வந்து சொல்றேன்."

நான் கூப்பிடவே இல்லை. அவராக வந்திருக்கிறார். வழக்கு அந்தச் சட்டத்திலேயே பதிவாயிற்று.

6 மார்ச்

மூணு பேரும் உள்ளே. மோட்டாரை விற்றது பண்ணை வாட்ச்மேனாம்.

தானியேல் அண்ணன் பிடிக்கிற இறாலை வாங்கக் கூடாதுன்னு பண்ணைக்காரன் வியாபாரிகளிடம் சொல்லிவைத்திருக்கிறானாம். "எங்களால உனக்கு இன்னாத்துக்குண்ணா கஷ்டம்?" என்றேன். "கண்ணால பாத்துட்டனேம்மா" என்றார். அவ்வளவுதான். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பேன்?

5 ஏப்ரல்

ரமேஷ் கைக் கட்டுப் பிரித்தார்கள். இரண்டு விரல் இனி மடங்காதாம். மற்ற மூன்றும் பிழைத்தன. செசிலியா அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும்தான். சாமி, அந்த மூணு விரலுக்குக் கோடி கும்பிடு.

16 ஜூன், ஞாயிறு

தானியேல் அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவர்கள் குப்பத்து மீனவர்கள் எங்கள் குடிசையில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வருவார்களோ மாட்டார்களோ என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். பாயில் உட்கார்ந்தார்கள். நண்டுக் குழம்பு. முதல் வாய் வைத்ததும் அவர்கள் முகத்தையே பார்த்தேன். காரமோ?

அண்ணன் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா."