அழைக்க மறந்த இளவரசி

அக்கா,

இன்று காலை பல்லடத்திலிருந்து வந்த தனியார் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். மடியில் பெரிய பை. அதற்குள் அப்போதுதான் அயர்ன் போட்டு அடுக்கிய பனியன்கள். ஆவியும் பஞ்சும் கலந்த அந்தச் சூடான வாசனை திருப்பூரில் யாருக்கும் புதிதல்ல. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேரின் சட்டையில் அது இருந்தது. ஆனால் எனக்கு இப்போது அது ஒரே ஓர் இடத்தின் வாசனை. எலாஸ்டிக்கும் லேபிளும் விற்ற உங்கள் கடைக்கு மேலே இருந்த அறை. அவசர ஆர்டர் இருந்தால் பக்கத்துக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் அயர்ன் மேசைகள் ஓடும். ஆவி ஜன்னல் வழியாக ஏறி வரும். நாம் அதை அரண்மனையின் மூடுபனி என்று வைத்துக்கொள்வோம்.

வெளியே யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓய்வு பெற்ற வரலாற்று டீச்சரும் கடைக்கார அக்காவும் வாரம் முழுக்க உட்கார்ந்து, இல்லாத ஒரு நாட்டில் யார் அடுத்த ராஜா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள் என்றால் எப்படிச் சிரிக்காமல் இருப்பார்கள்?

உங்கள் மகள் கல்யாணமாகி தோஹாவுக்குப் போனபோது பரணில் விட்டுப்போன பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். கூடவே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று. "டீச்சர், இதைப் படிச்சு எனக்குச் சொல்லுங்க. காலேஜ்ல இவ என்னதான் பண்ணிட்டிருந்தானு தெரியோணும்" என்றீர்கள். படித்துச் சொன்னேன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் இருப்பார்கள். வழியில் எதிர்ப்படும் மற்ற எல்லோருக்கும் நடத்துபவரே குரல் கொடுப்பார். செய்வது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்ட வேண்டும்.

"அப்படின்னா இது வெளையாட்டில்லீங்க. நாலு பேரு கூடி ஒரே பொய்யைச் சொல்றது. எனக்கு இது வரும்" என்றீர்கள்.

வந்தது. பக்கத்துக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மல்லிகாவையும், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் செந்திலையும் ஞாயிறுதோறும் மாடிக்கு அழைத்தீர்கள். செந்தில் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில் நாட்டின் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தான். அவன் படைத்தலைவன். நான் ஒரே ஒரு மந்திரம் மட்டும் தெரிந்த கிழட்டு மந்திரவாதி. மல்லிகா திருடி. "நாள் பூரா துணியில ஓட்டை தேடறவளுக்கு வேற என்ன உத்தியோகம் குடுக்கறது?" என்று கேட்டீர்கள்.

கொஞ்ச காலம் பூதங்களோடு சண்டை போட்டோம். ஒரு நாள் நீங்களே அலுத்துக்கொண்டீர்கள். "பூதத்தை வெட்டி வெட்டி எனக்கே கை வலிக்குதுங்க டீச்சர். ராஜாவைச் சாகடிச்சிரலாமா?"

அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை வந்தது. வார நாட்களில் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் நீங்களும் நானும் அரண்மனையைக் கட்டுவோம். நான் பாடப்புத்தக வழியிலேயே போனேன். மூத்த இளவரசன் நல்லவன், இளையவன் பேராசைக்காரன். நீங்கள் எலாஸ்டிக் சுருளை அளந்தபடியே கேட்டீர்கள். "ஏனுங்க டீச்சர், ஒருத்தன் கெட்டவன்னா பத்து நிமிசத்துல முடிஞ்சுருமுங்களே. நம்ம கடைக்கு வர்ற அண்ணந்தம்பி கம்பெனியவே எடுத்துக்குங்க. அண்ணன் வெளிநாட்டு ஆர்டரைப் புடிச்சவரு. தம்பி மெஷினோட கெடந்தவரு. ரெண்டு பேரும் பிரிஞ்சா, ஆரு கெட்டவருங்க?"

அப்படித்தான் நம் மூத்தவன் அண்டை நாடுகளோடு சமாதானம் பேசி வந்தவன் ஆனான். இளையவன் எல்லைப் போரில் பத்து மழைக்காலம் கிடந்தவன் ஆனான். சேனாதிபதிக்கு மூத்தவன் மேல்தான் பாசம். ஆனால் மகளைக் கொடுத்திருந்ததோ இளையவன் பக்கத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம், ஒவ்வொருவருக்கும் ஓர் இக்கட்டு.

முடிமண்டபத்தில் நான் ஒரு கல் காளையை வைத்தேன். காங்கேயம் காளை போலத் திமிலும் கொம்புமாக நிற்கும். உரிய அரசன் வந்தால் தலை தாழ்த்தும். எனக்கு அதில் பெருமை. நீங்கள் எலாஸ்டிக் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "கல்லு தலையாட்டி முடிவு பண்ணிட்டா மனுசனுக்கு அங்க என்ன வேலைங்க?" என்றீர்கள். என் முகம் வாடியதைப் பார்த்திருப்பீர்கள். காளையை எடுத்துவிடவில்லை. பருத்திக்கொட்டை வைக்கிற எவனுக்கும் தலை தாழ்த்துகிற காளையாக மாற்றிவிட்டீர்கள்.

இன்னொரு நாள், ராஜா இறந்த அன்றே எல்லைத் தளபதி படை திரட்டுவதாக நான் எழுதியபோது, "அவருக்கு ஆரு சொன்னாங்க?" என்று நிறுத்தினீர்கள். "சேதி பறக்காதுங்க, நடந்துதான் வரும். ஒருத்தருக்கு என்ன தெரியும்னு யோசிக்காதீங்க. இன்னும் என்ன தெரியாதுனு யோசிங்க. சண்டை அங்கதான் மொளைக்கும்." இத்தனை காலம் வாரிசுப் போர்களை நடத்தியவள் நான், கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியவள். எந்த ராணிக்கு எந்தச் செய்தி எத்தனை நாள் கழித்துப் போனது என்று ஒரு முறையும் கேட்டுப் பார்த்ததில்லை.

அரண்மனையை ஆட்களோடு கட்டி முடித்ததும் நீங்கள் கேட்டீர்கள். "ஆராச்சும் விட்டுப் போச்சுங்களா டீச்சர்?" விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்றேன். "சரிங்க" என்று ஷட்டரை இறக்கினீர்கள்.

மழைக்காலம் முழுக்க நாங்கள் மூவரும் அந்த அரண்மனையில் அலைந்தோம். மல்லிகா பொக்கிஷக்காரரின் சாவியைத் திருடினாள். செந்தில் சேனாதிபதியை மடக்கினான். நான் மூடுபனி மந்திரம் போட்டு ஒற்றர்களை ஒளித்துவைத்தேன். மூத்தவனுக்கே முடி என்று ஏற்பாடாகி, முடிசூட்டு நாளும் வந்தது. நீங்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, தலைமைப் பூசாரியின் குரலில் கேட்டீர்கள். "எல்லாரும் வந்தாச்சுங்களா? முடித்துணி கட்டோணும். இணைச்சீர்காரி எங்க?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவள் சேர்ந்து நின்றால்தான் இணைச்சீர் நடக்கும். அவள் வராமல் அடுத்த காரியம் நகராது. அதையே நீங்கள் அந்த நாட்டின் முடிசூட்டுக்கு வைத்துவிட்டீர்கள். ராஜாவின் தலையில் துணி கட்ட வேண்டியவள் அவன் சகோதரி.

மல்லிகா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "என் தம்பி கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்னவளே நாந்தானுங்க அக்கா. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?"

"ரெண்டு பசங்க இருக்கற ஊட்டுல ஒரு பொண்ணு இருக்குமானு நாம ஒருத்தரும் கேக்கலயே" என்றான் செந்தில்.

"உங்க கல்யாணத்துக்கெல்லாம் நான் மூணாவது வரிசையில உக்காந்து பாக்கற பாயம்மா. எனக்குத் தெரியும். மேடை மேல நிக்கறவங்களுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

அவள் இருந்தாள். இருவருக்கும் மூத்தவள். எல்லைக் கோட்டையில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். புருஷன் இறந்த பிறகும் யாரும் திரும்ப அழைக்காதவள். இப்போது அவள் யாருக்குத் துணி கட்டுகிறாளோ அவன்தான் அரசன். நாங்கள் மலையும் காடும் தாண்டிக் கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். "உள்ள சொல்லிட்டு வர்றேன், சித்த நில்லுங்க" என்றான் காவல்காரன். அத்தோடு அன்றைய ஆட்டத்தை நிறுத்திவிட்டீர்கள். படியில் இறங்கும்போது உங்களிடம் ரகசியமாகக் கேட்டேன். "அக்கா, எனக்கு மட்டும் சொல்லுங்க. அவளுக்கு என்ன வேணும்? யாருக்குக் கட்டுவா?"

"சொல்லிட்டா நீங்க நல்லாத் தூங்கிருவீங்க. முழிச்சுக் கெடங்க."

மறுநாள் நான் மகனைப் பார்க்கப் புனேவுக்குக் கிளம்பினேன். அங்கேதான் செந்திலின் போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க டீச்சர்." உங்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். ரயிலில் நான் வந்து சேர்ந்தபோது கடை ஷட்டர் இறங்கியிருந்தது. கபர்ஸ்தான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கடைசி நேரத்தில் உங்கள் கூட இருந்தவள் மல்லிகா ஒருத்திதான். எப்படிப் போனார்கள் என்று அவளிடம் கேட்டேன். முகத்தை மூடிக்கொண்டாள். பிறகொரு நாள் கேட்டேன். கைவேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விட்டாள். பதில் சொல்ல முடியாத பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டால், தெரிந்த பதிலும் உள்ளேயே போய்விடும். அதனால் விட்டுவிட்டேன். விட்டேனே தவிர, அது என்னை விடவில்லை. வலித்ததா, பயந்தீர்களா, ஏதாவது கேட்டீர்களா என்று தெரியாமலே என் காலமும் முடிந்துவிடுமோ என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே கிடந்தன. மத்தியானம் ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தி சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவினால் பொழுது அங்கேயே நின்றுவிடும். மகன் போனில் "ஏதாவது கிளப்பில் சேருங்கம்மா" என்றான். சேர்ந்திருந்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அவர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததுமே சண்டை. செந்தில், "ரெடிமேடா வேற கதை கெடைக்குது டீச்சர். நான் நடத்தறேன்" என்றான்.

"நாம இன்னும் கோட்டை வாசல்ல நிக்கறோம். நான் அங்கிருந்து எங்கயும் வரமாட்டேன்" என்றாள் மல்லிகா.

"அப்ப நீயே நடத்து."

"நான் திருடி. ராஜ்யம் நடத்தறது எனக்கெதுக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இளவரசிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது, அக்கா சொல்லவில்லை என்றேன். "அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்னா நெனைக்கறீங்க? பாதி நேரம் அந்தச் சேர்ல உக்காந்த பின்னாடிதான் யோசிப்பாங்க" என்றாள் மல்லிகா.

போன ஞாயிற்றுக்கிழமை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். வாரம் முழுக்கத் தயார் செய்திருந்தேன். இளவரசி கோட்டைக்குத் தன்னாட்சி கேட்பாள், தன் மகனுக்குப் பட்டம் கேட்பாள், தம்பிகள் இருவரையும் நேரில் வரச்சொல்வாள் என்று வழிகள் வைத்திருந்தேன். காவல்காரன் கதவைத் திறந்தான். இப்போது கதையை நடத்துபவள் நான் என்பதால் என் மந்திரவாதியை வாசலிலேயே விட்டுவிட்டு மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். இளவரசியாக நான் வாயைத் திறந்தேன். தயார் செய்ததில் ஒன்றும் வரவில்லை.

"அப்பா எப்படிப் போனாரு? எனக்கு ஒருத்தரும் சொல்லலை."

பதில் சொல்ல வேண்டியவன் படைத்தலைவன். செந்தில் வாயெடுப்பதற்குள் மல்லிகா பேசத் தொடங்கிவிட்டாள். மேசையைப் பார்த்தபடியே, மெதுவாக.

"காலையில நல்லாத்தான் இருந்தாருங்க. வெள்ளென எந்திரிச்சுத் தொழுதாரு. நான் டீ வெச்சுக் குடுத்தேன். சக்கரை பத்தலைனு திட்டினாரு. அப்புறம் நாற்காலியில சாஞ்சு உக்காந்து, அரமணையில அடுத்து என்ன பண்ணலாம்னு பேசிட்டே இருந்தாரு. நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னாரு. ரொம்ப வலிக்கலீங்க. என் கையைப் புடிச்சிட்டிருந்தாரு. அவ்வளவுதானுங்க."

செந்தில் கையில் உருட்டிக்கொண்டிருந்த பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னைக் கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருவாங்களானு கேட்டாரு. வந்துருவாங்கன்னு சொன்னேன்."

நம் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அக்கா. கிழமைகளுக்கு நீங்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தீர்கள். மூவரும் அந்தச் சொல்லை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டோம்.

பிறகு செந்தில் படைத்தலைவனின் குரலில் கேட்டான். "அம்மணி, முடித்துணி ஆருக்குக் கட்டறீங்க?"

"தூரத்துலருந்து வந்திருக்கீங்க. சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றேன். உண்மையாகவே சோறு போட்டேன். மூன்று தட்டு கழுவினேன்.

தம்பிகள் இருவரும் தலைநகரில் காத்திருக்கட்டும். யாருக்குக் கட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுவேனா என்று நீங்கள் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கூடவே வைத்திருக்கிறேன். மல்லிகா உங்களிடம் சொன்னது பொய்யில்லை. புனேவிலிருந்து நான் சனிக்கிழமையே வந்துவிட்டேன்.