மருமகன் கேட்ட மூன்றாவது பொருள்

சாரிதோபே,
ஆகஸ்ட் மாத நடுவில் ஒரு செவ்வாய்

காஸ்பியன் கரையின் சிங்கமும், எதிரணி முன்வரிசைக்காரர்களின் கெட்ட கனவும், இன்றைய தேதிக்கு எந்த அணியும் இல்லாதவனுமாகிய என் தங்கை மகன் ரவானுக்கு, சாரிதோபே நகரக் கால்பந்துக் கழகத்து உடுப்பு அறையின் நிரந்தர அதிபதியும் இரண்டு சலவை இயந்திரங்களின் சக்கரவர்த்தியுமான (ஒன்று போன வாரம் உயிர்நீத்தது) உன் தாய்மாமன் ஜெய்னொல்லா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை குல்பாஷும் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா" என்று சொல்லி அறுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி அறுக்க முடியாது. மேலும் இதைக் கொண்டுவரும் ரயில்பெட்டிப் பணிப்பெண் கலியாவை உனக்குத் தெரியும். வாங்க மறுத்தால் பெட்டிக்குள் இழுத்துப்போட்டு வாசித்தே காட்டிவிடுவாள். கூடவே உன் அத்தை உருட்டிய தயிர்க்கட்டி ஒரு பை வருகிறது. ஒவ்வொன்றும் பீரங்கிக் குண்டுபோல இருக்கிறது. பல் பத்திரம்.

உங்கள் கழகம் கவிழ்ந்த கதை இங்கே சந்தைவரை நாறுகிறது. வீரர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் விடுவித்து, விடுதியில் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்களாமே. உன் பெண்டாட்டி சிம்பத்தையும் குழந்தையையும் அவள் அப்பா வீட்டுக்கு, கிசில்ஓர்தாவுக்கு, அனுப்பிவிட்டு நீ மட்டும் அந்த இருட்டுக்குள் கிடக்கிறாய் என்றும் கேள்வி. ஏன் நீயும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். மாமனார் வீட்டோடு தங்கும் மாப்பிள்ளையை நம் ஆட்கள் நாய்க்குட்டி என்பார்கள். நானே உன் கல்யாணத்தில் அதைச் சொல்லி உன்னை வாட்டியவன்தானே. குரைக்கப் பழகிக்கொள் என்றேன். கூடாரமே சிரித்தது.

இனி விஷயம். டிரான்ஸ்ஃபர் காலம் முடிந்து கதவைச் சாத்தியாகிவிட்டது, வசந்தம்வரை யாரும் யாரையும் எடுக்க முடியாது. ஆனால் சம்மேளனத்துப் பெரியவர்களுக்கு மனம் இளகியிருக்கிறது. கடனில் முழுகிய கழகம் கைவிட்ட வீரனை மட்டும், கதவு சாத்திய பிறகும், செப்டம்பர் கடைசிவரை வேறொரு கழகம் எடுத்துக்கொள்ளலாமாம். ஆளுக்கு ஒரு தடவைதான். போன இடமும் கவிழ்ந்தால் மறுபடி கேட்க முடியாது. இதெல்லாம் என்னைவிட உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாய்: "மாமா, மூணாவதையும் கேட்டுடறேன்."

மருமகனே, தங்கை மகன் மூன்று தடவை கேட்கலாம், தாய்மாமன் மறுக்கக் கூடாது. நம் சட்டம் அது. முதல் தடவை கேட்டபோது உனக்குப் பல்கூட முழுதாக முளைக்கவில்லை. என் மஞ்சள் குதிரைக்குட்டியைக் கேட்டாய். புல்வெளியில் காற்றுக்கே வழிவிடாத குட்டி. கொடுத்தேன், மூன்று நாள் சோறு இறங்கவில்லை. இரண்டாவதாக உன் கல்யாணத்தில் என் ஓநாய்த்தோல் தொப்பியை என் தலையிலிருந்தே கழற்றிக்கொண்டாய். அந்தக் குளிரில் என் மூளை உறைந்தது. இன்னும் முழுதாக உருகவில்லை என்பது உன் அத்தையின் கருத்து. இப்போது மூன்றாவதாக, நம் ஊர் அணியில் ஓர் இடம் கேட்கிறாய். காலுறை துவைக்கிறவனிடம் கேட்கிறாய். ஆனாலும் கேட்டாகிவிட்டது. மறுத்தால் கை நடுங்கும் என்பது பெரியவர்கள் வாக்கு. எனக்குக் கை வேண்டும். ஆகவே பொறு.

வானமும் சலவைத்தூளும் சாட்சியாக,
உன் மாமன் ஜெய்னொல்லா

*

சாரிதோபே,
செப்டம்பர் முதல் வாரம்

வெற்றிவீரன் ரவானுக்கு, அவனை வெற்றிவீரனாக்கிய மாமன் எழுதுவது. உட்கார்ந்து வாசி. நின்றுகொண்டு வாசித்தால் விழுந்துவிடுவாய்.

முடிந்தது. இடம் கிடைத்தது.

எப்படி என்று கேள். நம் கழக இயக்குநர் மக்சூத் இருக்கிறானே, என் உடுப்பு அறைப்பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறவன், அவனைச் சனிக்கிழமை விருந்துக்கு அழைத்தேன். ஆடு ஒன்றை அறுத்தேன். ஆடு என்று சொல்வது எளிமைக்காக. யானைக்குக் கம்பளி முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பயிற்சியாளர் பாக்கும் வந்தார். பாவம், அவர் கொரிய வயிறு மூன்றாவது தட்டிலேயே வெள்ளைக்கொடி காட்டியது. நடுவில் உன் முழங்காலைப் பற்றி விசாரித்தார். எஃகு என்றேன். "எஃகு துருப்புடிக்கும் அகா" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார். அவருக்கு இன்னொரு தட்டு வைத்தேன்.

மக்சூத்தின் அப்பா காலமாகி வருடங்களாகின்றன. அப்பா உள்ளவனுக்கு முன்னால் ஆட்டுத்தலையை வைத்தால் அவர் சாவை விரும்பியதாகிவிடும், அந்தச் சிக்கல் இவனுக்கு இல்லை. ஆகவே தலையை அவன் முன்னாலேயே வைத்தேன். ஊர்த்தலைவருக்கு வைப்பது போல, மூக்கு அவனைப் பார்த்திருக்கும்படி. கன்னத்தை அறுத்துப் பயிற்சியாளருக்குக் கொடுத்தான். காதை அறுத்தான். காது யாருக்குப் போகும்? வீட்டில் சின்னவர்களுக்கு, சொல்பேச்சுக் கேட்கட்டும் என்று. அவன் அதை என் தட்டில் வைத்தான், மருமகனே. நரைத்த தாடிக்காரன் தட்டில். "கேட்டுக்கங்க அகா" என்றான். பாக் சிரித்தார். என் இரத்தம் கொதித்துக் கூரையில் ஆவி படிந்தது. உனக்காக அந்தக் காதை மென்று விழுங்கினேன்.

பிறகு கேட்டேன். ரவானை எடுத்துக்கொள் என்றேன். நான் தயார்செய்து வைத்திருந்த புகழுரை ஐந்து மணி நேரம் ஓடக்கூடியது. முதல் வாக்கியம் முடியவில்லை, "வரச் சொல்லுங்க" என்றுவிட்டான். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. புகழுரை வீணாகிவிட்டதே.

தலை வாங்கியவன் கை விரித்து ஆசி சொல்ல வேண்டும் அல்லவா, சொன்னான். இந்த வீடு நிறையட்டும் என்றான். கால்நடை பெருகட்டும் என்றான். என் செத்த சலவை இயந்திரம் எழுந்து நடக்கட்டும் என்றுகூடச் சொன்னான். "பனி விழும்வரை நம்ம அணிக்கும் ஒரு வார்த்தை" என்று எடுத்துக்கொடுத்தேன். அதற்குள் ஆசி முடிந்தது என்பதுபோலக் கையால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்துவிட்டான். சூப்பு ஆறுகிறது என்ற அவசரமாக இருக்கும். குல்பாஷ் பாத்திரம் கழுவும்போது, "அவன் கை ரொம்பச் சீக்கிரம் முகத்துக்குப் போயிருச்சுங்க" என்றாள். பெண்களுக்கு விருந்தில் கண் எங்கெங்கோ போகும்.

மறுநாளே ஊர் முழுக்க நடந்து நற்செய்திக்கான பரிசு கேட்டேன். ரொட்டிக்கடைக்காரி ஒரு ரொட்டி கொடுத்தாள். நாவிதன் பாதித் தலையை இலவசமாக வெட்டினான். நீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட ரயில் நிலையத்திலேயே மேசை போடப்போகிறார்களாம். பள்ளிப் பிள்ளைகள் பூ கொண்டுவருகிறார்கள். உடனே பயணச்சீட்டு எடு. பின்பக்க அறையை உனக்காக ஒழித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மைதானம் தெரியும். அதை மறைத்துக்கொண்டிருந்த ஒரே மரத்தையும் நேற்று வெட்டிவிட்டேன்.

உன் கால்களில் காற்று கட்டட்டும்.
மாமன் ஜெய்னொல்லா

*

சாரிதோபே,
நீ ரயில் ஏறிய மறுநாள் காலை

அன்புள்ள ரவானுக்கு,

இந்தக் கடிதத்தில் பட்டங்கள் எதுவும் போடவில்லை. நேரமில்லை. கலியாவின் வண்டி கிளம்பப்போகிறது.

கிசில்ஓர்தாவில் உன் வண்டியும் அவள் வண்டியும் எதிரெதிர் நடைமேடையில் நிற்கும். தண்டவாளத்தைத் தாண்டி வந்தாவது இதை உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். உன் போன் பாலைவனத்துக்குள் பிணமாகக் கிடக்கிறது. இரவெல்லாம் அடித்துப் பார்த்தேன்.

நேற்றுக் குளிர்காலக் கையுறைகளுக்குச் சொல்லிவிடலாமா என்று மக்சூத்திடம் போனேன். ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில்தான் சொல்வேன். வேண்டாம் என்றான். பனித்தொப்பி? வேண்டாம். மைதானத்துக் குழாய்களுக்குச் சுற்றும் கம்பளம்? அதுவும் வேண்டாம். அங்கேயே நின்றேன். குல்பாஷ் சொன்னது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. உன் மாமனுக்குக் காதில் விழுந்தது தலைக்குப் போய்ச்சேரக் கழுதை வண்டி எடுக்கும் நேரம் ஆகும்.

கேட்டேன். "ஏம்ப்பா, அன்னைக்கு என் வீட்டுக்கு ஆசி சொன்னே, மாட்டுக்குச் சொன்னே, செத்த மெஷினுக்கும் சொன்னே. அணிக்கு ஏன் சொல்லல?"

நாற்காலியில் சாய்ந்து பேனா மூடியைத் திருகினான். பிறகு சொன்னான்: "காகிதத்துல பொய் எழுதிருவேன் அகா. எல்லாரும் எழுதுறாங்க. கையை விரிச்சு வச்சுக்கிட்டு எனக்கு வரல. அதனாலதான் காதை உங்களுக்கு வச்சேன். நீங்க மென்னு முழுங்கிட்டீங்க."

கதை இதுதான். இங்கேயும் கஜானா காலி. பாதிப் பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். இன்னும் இரண்டு ஆட்டங்களுக்கு இறங்க ஆள் இல்லாவிட்டால் மக்சூத்துக்குச் சம்மேளனம் தண்டனை விதிக்கும். தலை எண்ணிக்கைக்கு ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான் நீ. இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் வாசலுக்குப் பூட்டு. உன் ஒரே சலுகையும் அந்தப் பூட்டுக்குள் போகும். வசந்தம்வரை பந்தைத் தொட முடியாது. முப்பத்து மூன்று வயதில், அந்த முழங்காலோடு, வசந்தம் என்றால் என்ன என்று நம் இருவருக்கும் தெரியும்.

அவனைத் திட்டினேன். என் வாழ்நாளின் சிறந்த வசவுகள், கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, இனி நீங்க என்ன செய்வீங்க என்று என்னையே விசாரித்தான். உடுப்பு அறைச் சக்கரவர்த்திக்கு இனி ராஜ்யம் இல்லை, மருமகனே. அதை விடு.

வேறு கழகங்களுக்கும் போன் செய்தேன். ஒருத்தன் வயதைக் கேட்டுவிட்டு இருமினான். இன்னொருத்தன் உன் பெயரைக் கேட்டதும் நல்ல ஆட்டக்காரனாச்சே என்றான், இறந்தகாலத்தில். மூன்றாவது ஆள், "உங்களுக்கு வேலை ஏதாவது இருந்தா சொல்லுங்க அகா" என்று என்னிடமே கேட்டான். உனக்காகத் திறந்த கதவு ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. இருக்கிறது என்று எழுதலாம். காகிதம்தானே.

ஆகவே இதைக் கேள். கிசில்ஓர்தாவிலேயே இறங்கிவிடு. இங்கே வந்தால் நிலையத்தில் மேசை போட்டிருப்பார்கள், பிள்ளைகள் பூவோடு நிற்பார்கள், உன்னால் மறுக்க முடியாது. உன் அம்மாவுக்கும் அந்தக் குணம்தான். சிம்பத்திடம் எல்லாம் சொல்லிவிட்டேன். குழந்தையோடு நடைமேடைக்கு வருவாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எறங்கினா போதும் மாமா. எங்கப்பாவுக்கு நெல்லறுப்புக்கு ஆள் வேணும். யாரு சிரிச்சா என்ன."

யாராவது உன்னை நாய்க்குட்டி என்றால், அந்தப் பேரை வைத்தவன் நான் என்று சொல். என்னைத் தேடி வந்து சண்டை போடட்டும். எனக்கும் இனி வேலை கிடையாது, நேரம் நிறைய இருக்கும். நெல் அறுத்துக்கொண்டே மாதக்கடைசிவரை போனைப் பக்கத்தில் வைத்திரு. அடித்தால் எடு. அடிக்காவிட்டால் அறுத்துக்கொண்டிரு.

மூன்றாவதை மறுத்துவிட்டேன், ரவான். நீ கேட்டதைக் கொடுக்க முடியாமல் போவது இதுதான் முதல் தடவை. கை நடுங்கும் என்று பெரியவர்கள் சொன்னது கதை என்று நினைத்திருந்தேன். இந்த எழுத்தைப் பார். ரயில் ஆட்டம் என்று நினைத்துக்கொள்ளாதே. சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்துக் கைகளை விரித்தேன். குல்பாஷும் பக்கத்தில் வந்து விரித்தாள். உன் பாதை நேராக இருக்கட்டும் என்றோம். உன் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கட்டும், குழந்தை நெடுநாள் வாழட்டும், சிம்பத் சிரிக்கட்டும், உன் முழங்கால் ராத்திரியில் வலிக்காதிருக்கட்டும் என்றோம். பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தேன். வாய்வரை வந்தது. எனக்கும் வரவில்லை.

இறங்கிவிடு, கண்ணே.

உன் தாய்மாமன்
ஜெய்னொல்லா