நீல நூலால் தைத்த நாற்பது மூடை

பெப்ரவரி 22, செவ்வாய்

மூன்றாம் நாளும் மழை. கரையில் மீன் காயவைக்கிற சூசையண்ணையிடம் இருந்த உப்பு மூடை நாற்பதையும் இன்று நான் வாங்கிவிட்டேன். அவருக்குத் தெரியாது. லொறி நிசாம் நானாவுடையது, பேரம் பேசியதும் அவர்தான், காசு மட்டும் என்னுடையது. சிலாபத்து முதலாளி ஒருவருக்கு என்று சொல்லச் சொன்னேன். சொல்லியிருக்கிறார், முகம் மாறாமல்.

எல்லாம் போன வருசத்து உப்பு. கசப்பு இறங்கி, பரல் பரலாக. கருவாடு போடுகிறவர்கள் யாரும் கைவிடாத உப்பு. இதைப்போய் விற்பாரா என்று நானாவுக்கே நம்பிக்கை இருக்கவில்லை. மன்னார் உப்பளத்தில் பாத்தியெல்லாம் மழையில் கரைந்துவிட்டது, தெற்கிலும் உப்பில்லை, விலை இரண்டு மடங்கு. அந்த விலை சூசையண்ணையின் கண்ணை மறைத்துவிட்டது. பத்து நாள் வெயில் எறித்தால் புது உப்பு வரும், மீன் அதற்குப் பிறகுதான் வரும் என்று நினைத்திருக்கிறார். மீன் வருமுன் உப்பை விற்றவர் என்று எங்கள் அரிப்பு ஊரில் இவர் ஒருவர்தான் இருப்பார்.

மூடை வாயெல்லாம் நீல வலைநூலால் தைத்தது. அவருடைய கைத்தையல், இரண்டு கட்டை ஒரு நெட்டை. ஒன்றையும் அவிழ்க்கவில்லை. அப்படியே அடுக்கினேன். கீழே பலகை, மேலே தகரம், அதன்மேல் இரண்டு பொலித்தீன்.

இடது கடைவாய்ப் பல் வலி. கராம்பு வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 24, வியாழன்

மழை விட்டிருக்கிறது. பொது மண்டபத்தில் பெண்களுக்கு ட்ரெயினிங். ‘வாழ்விலும் தொழிலிலும் நிறைவு.’ மத்தியானச் சாப்பாடும் ஒரு பாயும் தருகிறார்கள் என்பதால் முழுக் கிராமமும் வந்திருந்தது. நானும்தான். பாய் நல்ல பாய், மீன் காய வைக்கலாம்.

கொழும்பு மிஸ், சின்னப் பெண், நல்ல மாதிரி. ஆளுக்கொரு தாள், கலர்ப் பேனை. ஐந்து வருசத்தில் அடைய வேண்டியது எதுவோ அதை எழுதச் சொன்னார். மற்றவர்கள் எழுதியது: வீடு, மகளின் படிப்பு, தையல் மெசின், காணாமல்போன மகன். நான் எழுதியது: சூசையின் வாடி.

மிஸ் குனிந்து பார்த்து, வாடி என்றால் என்ன என்று கேட்டார். கரையில் மீன் இறக்கிக் காயவைக்கிற கொட்டிலும் முற்றமும் என்றேன். தொழிலைப் பெருப்பிக்கிற எண்ணம், மிக நல்லது என்று தாளில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். மலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இடம்பெயர்ந்து இருந்த நானாட்டான் முகாமில் எனக்குப் பக்கத்துக் கூடாரம். இப்போது அதே வாடியில்தான் மீன் வெட்டுகிறாள், வேறு கூலி இல்லாததால்.

பழைய பகையைப் பிடித்துக்கொண்டிருப்பவருக்கு நிறைவு வராதாம். மிஸ் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரி 27, ஞாயிறு

வெயில். பூசை முடிய வாசலில் சூசையண்ணை. வெள்ளை வேட்டி, புது மணிக்கூடு. என் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர்தான், தலையில் தண்ணீர் ஊற்றும்போது மெழுகுதிரி பிடித்தவர். “பிள்ளை எப்பிடிப் படிக்கிறாள்? ஏதும் தேவையெண்டால் கேள் தங்கச்சி.” நன்றாகப் படிக்கிறாள், ஒன்றும் தேவையில்லை என்றேன்.

கேட்டேனே ஒரு தரம். மறக்கக்கூடாது என்பதற்காக எழுதிவைக்கிறேன்.

அந்த வாடி எங்களுடையது. அங்கே இருக்கிற கிணறு என் மனுசன் வெட்டியது, கரையோடு வெட்டியும் நல்ல தண்ணீர். இடம்பெயர்ந்தோம். அவர் உயிரும் போனது, காணி உறுதியும் பத்திரமும் போனது. மீள்குடியேற்றத்தில் சூசையண்ணை முதல் பஸ்ஸில் வந்தார். றீற்றா இந்தியாவுக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று ஊர் அதிகாரி விதானையாரிடம் சொல்லி வேலி அடைத்தார். நான் நானாட்டானில் கூப்பன் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஏழு மாதம் கழித்து வந்தால் என் கிணற்றில் அவருடைய வாளி.

வந்த கிழமை ஒரு கடகம் சூடை மீன் வாங்கினேன், கடைசிக் காசுக்கு. உப்பில்லை. பின்னேரம் அவர் வாசலுக்குப் போனேன், கையில் காசோடு. கோயிலில் ஆறு மணித் திரிகால மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்தது. கதிரையில் இருந்தபடியே சொன்னார்: “விளக்கு வைச்சாப் பிறகு உப்புக் குடுக்கிறேல்லை, தங்கச்சி. வீட்டுக்குக் கூடாது. காலமை வா.” உள்ளே ஐம்பது மூடை இருந்தது. வாசலில் நின்று எண்ணினேன். காலையில் கடகத்தைக் குழி தோண்டித் தாட்டேன்.

அதன்பிறகு ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. என் வளவில் பழைய வலையைக் கம்பில் இழுத்துக் கட்டி, மண் படாமல் காயவைக்கத் தொடங்கினேன். மீன் கரையிலிருந்து சைக்கிளில் வரும். வீடுகள் மறைப்பதால் காற்றில்லை, கிணறு உவர். அப்படியும் இன்று கொழும்பில் றீற்றா கருவாடு என்று பேர் சொல்லிக் கேட்கிறார்கள், கடித்தால் மண் நெருநெருக்காது என்று. கிழமைக்கு இரண்டு லொறி. அவருடைய கருவாடு திரும்பி வருகிறது.

போதாது. கிணறு வேண்டும். அவர் கையாலேயே தரவேண்டும்.

மார்ச் 3, வியாழன்

ஐந்தாம் நாளும் நல்ல வெயில். உப்பளத்தில் பாத்தி திரும்பக் கட்டுகிறார்களாம். மீனுக்கு முன் புது உப்பு வந்தால் நான் செய்ததெல்லாம் வீண். இரட்டை விலை கொடுத்து வாங்கிய உப்பை வைத்துக்கொண்டு ஊறுகாய்தான் போடவேண்டும்.

சூசையண்ணை இரண்டு தொட்டி புதிதாகச் சீமெந்து பூசுகிறார். தவக்காலம், பிறகு சித்திரை வருசம், கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும் என்று வாடியில் பேச்சாம். மலர் சொன்னாள். பிறகு, “உப்பைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு படுத்தால் நித்திரை வருமோ, அக்கா?” என்றாள். வருகிறது என்றேன். பொய்.

வாங்க வேண்டியது: கராம்பு, டோச் பற்றரி, தும்புக்கயிறு. மகளுக்கு ஹொஸ்டல் செருப்பு.

மார்ச் 6, ஞாயிறு

மழை! இரவு முழுக்க. முற்றத்தில் பாய் நனைந்தது, கவலையில்லை. உப்பளத்தில் கட்டிய பாத்தி திரும்பவும் போச்சு என்று நிசாம் நானா தொலைபேசியில். மழையில் கால் நனைய நின்று கேட்டேன். கோழிகள் வீட்டுக்குள். அடிக்கவில்லை.

பின்னேரம் நானா வந்தார். அவருடைய ஆட்களும் இருபது வருசம் புத்தளத்தில் அகதியாக இருந்து வந்தவர்கள். சிலாவத்துறையில் அவர் வீட்டில் வேறொருவன் இருந்தான். அவனை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“சலாம் சொன்னனான்.”

“சலாமோ?”

“ஒவ்வொரு நாளும் விடிய வாசல்ல நிண்டு சலாம் சொல்லுவன். சுகமோ, வீடு ஒழுகுதோ, வாப்பா நட்ட மாமரம் காய்க்குதோ எண்டு கேப்பன். மூண்டு மாசம், அக்கா. வீட்டுத் திறப்பைக் கொண்டுவந்து தந்திட்டுப் போயிட்டான்.”

எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆனால் நல்ல முறை.

மார்ச் 9, புதன். சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். மண்ணிலிருந்து வந்தாய், மண்ணுக்குத் திரும்புவாய். மன்னிப்பைப் பற்றிப் பாதர் நீளப் பேசினார். மூன்று கதிரை தள்ளிச் சூசையண்ணை, கண்ணை மூடிக்கொண்டு. ஒரு நேரச் சாப்பாடு, பல்லுக்கும் நல்லது.

காற்று மாறிவிட்டது. வாடைக்காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றியது போல. மத்தியானம் கரைக்குப் போய்ப் பார்த்தேன். தூரத்தில் பறவை, தாழப் பறந்து விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது. அந்த இடத்துத் தண்ணீர் கறுப்பு, மீன் கூட்டம். கரையில் நின்ற எல்லாரும் அதையே பார்த்தார்கள். சூசையண்ணையும் பார்த்தார். பிறகு மன்னார்ப் பக்கம் பார்த்தார், உப்பு லொறி வருகிற பக்கம்.

என் தொட்டிகளுக்கு வேண்டிய உப்பு வேறாக இருக்கிறது. ஆறு மூடை, அவ்வளவு காணும். நாற்பதில் கை வைக்கப்போவதில்லை.

மார்ச் 11, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. இன்றும் கை எரிகிறது, உப்பு. ஆனால் எழுதவேண்டும், ஒன்றும் விடாமல்.

சூடை நேற்று வந்தது. இரண்டு மணிக்கே வள்ளங்கள் தாழ்ந்து வந்தன, மீன் பாரத்தில். நான் எனக்கு வேண்டியதை வாங்கி நாலு மணிக்குள் தொட்டியில் போட்டுவிட்டேன். சூசையண்ணையின் ஐந்து வள்ள மீனும் வாடி முற்றத்தில் குவியல், இடுப்பளவு. உப்பில்லை. மன்னாருக்கு மோட்டார் சைக்கிள் ஓடியது, முருங்கனுக்கு ஓடியது. கடைகளில் கறி உப்புப் பொட்டலம்தான். ஐஸ் வண்டிக்காரன் போனை எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு மலர் வந்தாள். கையெல்லாம் செதில். “சூசைச் சம்மாட்டி கேக்கிறார், உங்களிட்ட மிச்ச உப்பு ஏதும் கிடக்கோ எண்டு.” கிடக்கிறது, அவரை வரச்சொல் என்றேன். வரமாட்டார், ரோசக்காரர் என்றாள். அப்ப இருக்கட்டும் என்றேன்.

ஒரு மணித்தியாலம் வரவில்லை. அந்த ஒரு மணித்தியாலம் முழுக்க நான் ஒரு வேலையும் செய்யவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அதே மாதிரி, அவர் இருந்த மாதிரி. சூரியன் சாய்ந்தது. திரிகால மணி அடித்தது. எழும்பி மாதா சுரூபத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றினேன். அப்போதுதான் வந்தார்.

வேட்டி முழங்கால்வரை நனைந்து. படலைக்கு வெளியில் நின்றார், பின்னால் மலர்.

“தங்கச்சி, உப்புக் கிடக்கோ?”

“கிடக்கு.”

“எத்தினை மூடை?”

“உங்களுக்குக் காணும்.”

மூச்சு விட்டார். உள்ளே வரக் காலை வைத்தார்.

“விளக்கு வைச்சாச்சு, சூசையண்ணை. விளக்கு வைச்சாப் பிறகு உப்புக் குடுக்கிறேல்லை. வீட்டுக்குக் கூடாது.”

விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எல்லாம் ஞாபகம் வந்ததை அந்த முகத்தில் கண்டேன்.

“மீன் வயிறு வெடிக்குது, றீற்றா.”

“அண்டைக்கு என்ர மீனுக்கும் வயிறு இருந்தது.”

அப்படியே நிற்பாட்டியிருப்பேன். காலமை வாங்கோ என்று சொல்ல நாக்கு நுனிக்கு வந்தது. குவியல் முழுக்கக் குழி தோண்டிப் புதைக்கட்டும், ஊரே மூக்கைப் பொத்தட்டும். மலர்தான் குறுக்கே வந்தாள். “அக்கா, பேசுறதைக் கெதியாப் பேசுங்கோ. மீனுக்கு உங்கட கோவம் விளங்காது.” வாடியில் பதினொரு பெண்கள் கத்தியோடு குந்தியிருக்கிறார்கள், மீன் பழுதானால் கூலி இல்லை என்றாள். பிறகு யோசித்தேன், அழுகின மீனால் எனக்குக் கிணறு வராது.

உப்பு அறையைத் திறந்து டோச் அடித்தேன். தகரத்தை நானே தூக்கினேன். அவர் கிட்ட வந்து மூடை வாயைப் பெருவிரலால் தடவினார். இரண்டு கட்டை ஒரு நெட்டை.

“இது என்ர தையல்.”

“ஓம்.”

“சிலாபத்து முதலாளி...”

“நான்தான்.”

மூடைமேலேயே இருந்துவிட்டார். இரண்டு வருசமாக இந்த முகத்தை மனதில் எத்தனையோ விதமாகக் கீறிப் பார்த்திருக்கிறேன். கீறியதைவிட நன்றாக இருந்தது. மிஸ் கேட்டால் சொல்லுவேன், நிறைவு என்றால் அதுதான். பகையோடுதான் வந்தது.

“குடுக்கிறேல்லை எண்டுதான் சொன்னனான். விக்கிறேல்லை எண்டு சொல்லேல்லை” என்றேன். மடியில் கை வைத்தார், என்ன விலை என்றார். காசு வேண்டாம், அன்றைக்கு நான் காசோடுதான் வந்தேன் என்றேன். மகளின் பழைய கொப்பியையும் பேனையையும் எடுத்து முன்னால் வைத்தேன்.

“உப்புக்குக் காணியோ?” என்றார், குரல் கிழிய.

“என்ர காணிக்கு உங்கட உப்பு. ரெண்டும் அதது வந்த இடத்துக்குப் போகுது.”

எழுதினார். விளக்கு வெளிச்சத்தில், மெதுவாக. நான் சொல்லச் சொல்ல. ஓரிடத்தில் நிறுத்தி, “பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நான்” என்றார். அவளுக்காகத்தான் எழுதுகிறீர்கள் என்றேன். மலர் ஒரு சாட்சி. லொறியோடு வந்த நிசாம் நானா மற்றது. கையெழுத்து வைக்குமுன் நானா சூசையண்ணைக்குச் சலாம் சொன்னார், மிக மரியாதையாக.

மூடைகளை ஏற்றும்போது நான் கை கொடுக்கவில்லை. சூசையண்ணையும் முதுகில் சுமந்தார். வாடியில் ஒன்பது மணிவரை நின்று பார்த்தேன். பாதி மீன் முதல் தரம், மிச்சம் இரண்டாம் தரம். இன்று காலை எட்டரைக்கு விதானையார் கந்தோரில் அவரே வாயால் சொன்னார், றீற்றா இந்தியாவுக்குப் போகவில்லை என்று. விதானையார் பேனையை மூடிக்கொண்டு, அது எனக்கும் தெரியும் என்றார்.

பேசி முடித்தது:

பழைய உப்பு நாற்பது மூடை. பதிலுக்கு வாடியும் முற்றமும் கிணறும், கடல் வரைக்கும். கொட்டில் கூரை அப்படியே இருக்கவேண்டும், தகரம் கழற்றக்கூடாது. வேலியை அவரே பிடுங்கவேண்டும், ஞாயிறு பூசைக்கு முன். இந்த மீன் காய்ந்து முடியும்வரை பன்னிரண்டு நாள் அங்கே தொழில் செய்யலாம், தண்ணீர் என்னிடம் கேட்டு அள்ளவேண்டும். பெண்களுக்கு நேற்றைய கூலி முழுதாக, பழுதான மீனுக்குக் கழிக்காமல். வெறும் சாக்கு நாற்பதும் திருப்பித் தரவேண்டும், கழுவி.