திருப்பிப் போட்ட படங்கள்

மார்ச் 11, 2001

அன்புள்ள கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பாஸ்டனில் நீயும் எலியட்டும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். இங்கே கொட்டகையின் நிழல் விழும் பக்கம் பனி இன்னும் கிடக்கிறது, ஆனால் மதியத்தில் வாய்க்கால் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பழுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைத் திட்டு, அப்பா அதற்குப் பெயர் வைக்க நீ வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தோள்வலி, டாக்டரிடம் போங்கள் என்றால் வைக்கோல் கட்டெல்லாம் ஏற்றி முடியட்டும் என்கிறார். போனி சித்தி ஜூனில் உனக்கும் எலியட்டுக்கும் நடக்கும் கல்யாண வரவேற்புக்குப் புதினா மிட்டாய் தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள், பச்சையா ரோஜா நிறமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள், பச்சை என்றே சொல், ரோஜா நிறம் அவள் கையில் செங்கல் மாதிரி வரும்.

போன ஞாயிறு போனில், வரவேற்பில் வைக்க நான் ஒட்டும் உன் ஆல்பம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாய். சரியான காகிதம் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். காகிதம் வீடு முழுக்கக் கிடக்கிறது, சாப்பாட்டு மேசையில் நாங்கள் சாப்பிட்டே பல வாரமாகிறது. உண்மையான காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், அங்கேயும் வகுப்பில் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தே பட்டம் வாங்கினேன். அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நீ உட்கார்ந்து படி.

உனக்கு இந்த வெட்டி ஒட்டும் வேலையில் பொறுமை கிடையாது, ஆனாலும் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு படம் வைக்கவேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே அளவில் வைக்கக்கூடாது, ஒன்று பெரிதாக இருக்கவேண்டும், மற்றவை அதைச் சுற்றி நிற்கவேண்டும். டிசைன் காகிதம் படத்தில் இருக்கிற ஏதாவது ஒரு நிறத்தை எடுத்துக்காட்டவேண்டும், பெரிய பூ ஒன்று, சின்னப் புள்ளி ஒன்று, கோடு ஒன்று என்று கலந்தால் கண் களைக்காது. சிவப்புத் துண்டு ஒன்றை வைத்தால் இன்னும் இரண்டு இடத்தில் சிவப்பு வேண்டும், பார்க்கிறவர் கண் மூன்றுக்கும் இடையில் சுற்றிவரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, படத்தில் இருப்பவர் பக்கத்துக்கு உள்ளே பார்க்கவேண்டும். வெளியே பார்த்தால் பார்க்கிறவர் கண்ணும் அவரோடு வெளியே போய்விடும், பக்கம் காலியாகிவிடும். ஆல்பம் ஒட்டும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இதை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

பன்னிரண்டு வயதில் நீ கன்றுக்குட்டியோடு நிற்கும் படத்தைப் பெரிய படமாக வைக்க ஆசைப்பட்டேன். அது வலது பக்கத்தில் வந்தது, நீயோ வலது ஓரத்தைத் தாண்டி வேலிக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். இடது பக்கத்துக்கு மாற்றலாம் என்றால் அங்கே ஞானஸ்நானப் படங்கள், வெள்ளை உடுப்பு, அதற்கென்று எடுத்துவைத்த வெள்ளிக்கோடு போட்ட காகிதம். இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது லாரூ எட்டிப் பார்த்தாள். அவளை உனக்குத் தெரியும், பால் பண்ணைக்காரி, கத்தரிக்கோலைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். “ஏண்டி வெல்டா, இதுக்கா இவ்வளவு நேரம் முழிச்சிட்டிருக்க? நெகட்டிவை எடுத்துட்டுப் போயி கடையில இடம் வலமாத் திருப்பிப் போட்டுக் குடுங்கன்னு சொல்லு. பொண்ணு தானா உள்ள பாப்பா. நாங்கல்லாம் அதத்தான பண்றோம். எம் புருசன் பாதி ஆல்பத்துல இடது கையாலதான் சாப்பிடுவாரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அவர்களுக்கு அது சரி. அவர்கள் வீட்டில் யாரும் கண்ணாடிக்கு எதிரெதிராக நிற்பது மாதிரிப் பிறக்கவில்லை. நீயும் மார்லாவும் அப்படி இரட்டையராகப் பிறந்தீர்கள். உன் கன்னக்குழி இடது பக்கம், அவளுடையது வலது பக்கம். உன் உச்சிச் சுழி ஒரு பக்கம் சுற்றும், அவளுடையது மறுபக்கம். நீ வலது கை, அவள் இடது கை, ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கை இடித்துக்கொண்டு சண்டை. அவள் போனபோது உங்கள் இரண்டு பேருக்கும் ஏழு வயது. உனக்கு அந்தக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அவளுக்கு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் படமே கிடையாது, இரண்டாம் வகுப்பில் பல் விழுந்து சிரிக்கும் படத்தோடு அவள் பக்கங்கள் நின்றுவிட்டன. இதெல்லாம் எனக்குத் தெரியாததா. ஆனாலும் நெகட்டிவைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை, பக்கம் சரியாக வரும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

படம் வாங்கப் போனபோது கடைக்காரர் வெர்ன் கவரைப் பிரித்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து, “சரியா வந்திருக்காம்மா, பாத்துக்கங்க” என்றார். கன்றின் கழுத்தில் கைபோட்டு மார்லா நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது மார்லா. வலது கன்னத்தில் குழி, இடது கையில் பால் புட்டி. நீ இல்லை, கோரின். நான் பெற்றவள், எனக்கு ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. அவள் உயரமாகியிருந்தாள், முன்பல் முளைத்திருந்தது. வெர்ன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நிறம் மங்கிருச்சுங்களா, மறுபடி போட்டுத் தரவா?” என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது, கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போயிருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரமே இன்னொரு கவர் கொண்டுபோனேன். எழுத்து உள்ள படங்களை ஒதுக்கினேன், திருப்பினால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நீ கூடைப்பந்து விளையாடியபோது போட்டிருந்த எட்டாம் எண் சட்டை எப்படித் திருப்பினாலும் எட்டுதான், அந்தப் படம் நன்றாக வந்தது. அவள் இடது கையால் பந்தைத் தூக்கிப் போடுகிறாள், அவள் அப்படித்தான் போட்டிருப்பாள். அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் போனி சித்தி கல்யாணத்தில் நீலக் கவுன். நீ வளர்ந்ததை நான் கூட இருந்து பார்த்தேன், அதனால் அது எப்போது நடந்தது என்றே தெரியவில்லை. அவளோ ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கவருக்குள் இரண்டு மூன்று வயது கூடி வந்தாள். செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

பள்ளி முடித்த அங்கி போட்டு நீ நிற்கும் படம் இருக்கிறதே, அதை இடது பக்கத்தில் வைத்து, திருப்பிய படத்தை வலது பக்கத்தில் வைத்தேன். நீ உள்ளே பார்க்கிறாய், அவளும் உள்ளே பார்க்கிறாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பச்சைக்கோட்டுக் காகிதம், ஒரே புள்ளிக் காகிதம், இங்கே சாய்வாக வெட்டியதை அங்கே எதிர்ச்சாய்வாக வெட்டினேன். சின்னப் படங்களையும் அப்படியே எதிரும் புதிருமாக அடுக்கினேன். பதினெட்டு வயதில் நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் செய்ததிலேயே அழகான பக்கம் அதுதான். ஆல்பத்தை மூடினால் உன் முகமும் அவள் முகமும் கண்ணோடு கண், வாயோடு வாய், ஒரு மயிரிழைகூட விலகாமல் ஒட்டிக்கொள்ளும். மூடியபிறகு அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றும்.

கூட்டத்தில் அந்தப் பக்கத்தை நான் காட்டவில்லை. ஆனால் நீ கார் ஓட்டக் கற்றுக்கொண்ட படம் தவறிப்போய் மேசைமேல் இருந்துவிட்டது. லாரூ அதை எடுத்து மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். “அடியே, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கு. உம் பொண்ணு இங்கிலாந்துல போயா வண்டி கத்துக்கிட்டா?” என்றாள். போனி சித்தி சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். உன் சித்தி உங்கள் இருவரையும் குளிப்பாட்டியவள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை, படத்தைக் குப்புறக் கவிழ்த்து என் பக்கம் தள்ளி, “பசை எங்க வச்சேன், யாராச்சும் பாத்தீங்களா?” என்று தேட ஆரம்பித்தாள். பசை அவள் கையிலேயே இருந்தது.

அன்றைக்கே விட்டிருக்கலாம், அன்றைக்கும் விடவில்லை. நான் விட்டது அப்பாவால். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கொட்டகைக்குப் போகுமுன் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேசையோரம் நின்று அந்த ஆல்பத்தைத் திறந்து பார்ப்பதைக் கவனித்தேன். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். வலது பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒருநாள் காலையில் காபிக்குப் பதில் நாங்கள் குடிக்கும் அந்தப் பார்லிப் பானத்தைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தவர், “கோரினுக்கு ஜூன்ல கல்யாணம். இவளுக்கு எப்ப?” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்திருக்கவேண்டும், பாதியில் எங்கேயோ அது மாறிவிட்டது. கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது. ஜூனில்தான். உன் கல்யாணப் படங்கள் வந்ததும் போட்டோக்காரரிடம் நெகட்டிவையும் சேர்த்து வாங்கிவிட வேண்டும் என்று நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கவுனில் குத்தும் பூ திருப்பினால் எந்தத் தோளில் வரும் என்றுகூட யோசித்திருந்தேன். அதற்கப்புறம் உன் குழந்தைகள், அவற்றையும் திருப்பிப் போட்டு அவள் மடியில் வைப்பேன். நீ விமானத்தை விட்டு இறங்கி வரும்போது நான் உன் முகத்தையா பார்ப்பேன், அதன் மறுபக்கத்தையா? உன் படங்களை எடுக்கும்போதெல்லாம் அவளுக்காக எடுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி போய்விட்டாள், இன்னொருத்தி தூரத்தில் இருக்கிறாள். அந்தத் தூரத்தில் இருப்பவளையும் நான் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மற்றவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் பிரித்துவிட்டேன். ஒட்டியதைப் பிரிக்க லாரூ ஒரு வழி சொல்லியிருந்தாள், பல் சுத்தம் செய்யும் மெழுகு நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெல்ல அறுக்கவேண்டும், கிழியாது. கிழியவில்லை. பச்சைக்கோட்டுக் காகிதம் மட்டும் படம் இருந்த இடத்தில் வெளுக்காமல் அடர்ந்த சதுரமாகத் தெரிகிறது, சன்னலோரம் திறந்தே வைத்திருந்தேன் இல்லையா. அந்த இடத்தில் வேறு காகிதம் ஒட்டிப் பார்த்தேன், நன்றாக இல்லை, அப்படியே விட்டிருக்கிறேன். வரவேற்பில் யாராவது கேட்டால் டிசைன் என்று சொல்லிவிடு.

கன்றுக்குட்டிப் படத்தை நீ இருந்தபடியே வைத்துவிட்டேன். வலது பக்கம், வலது ஓரம், நீ வெளியேதான் பார்க்கிறாய். நேற்றுக் கூட்டத்துக்கு முழு ஆல்பத்தையும் கொண்டுபோனேன். லாரூ புரட்டிவிட்டு, “எல்லாம் நல்லாருக்கு, இந்த ஒண்ணுலதான் பொண்ணு புத்தகத்தை விட்டு வெளிய பாக்குறா, சொல்லிக் குடுத்தும் திருப்பாம விட்டுட்டியே” என்றாள். உனக்குத்தான் என்னைத் தெரியுமே, அந்த மேசையில் நான் பேசுவதே அபூர்வம். “ஆமா, அவ அங்கதான இருக்கா” என்றேன். போனி சித்தி மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினாள்.

திருப்பிய படங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டி, போனி சித்தி வீட்டு மச்சில் வைக்கச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் குறைந்தது. காரோட்டும் படம் அப்பாவுடைய டிரக்கில், கண் கூசாமல் இறக்கிவிடும் தட்டியில் செருகியிருக்கிறது. நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. ஜூனில் அந்த டிரக்கில் ஏறும்போது வெயிலடித்தாலும் அந்தத் தட்டியை இறக்காதே, ஒன்றும் கேட்காதே.

நெகட்டிவ் எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து எடு, ஈரமில்லாத இடத்தில் வை. வீட்டில் இருந்தால் என் கை செவ்வாய்க்கிழமை தானாக அவற்றைத் தேடும். அவை உன்னுடையவை, உன்னிடமே இருக்கட்டும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, இரண்டு பேரும் ஒரு வேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், கவுன் அளவை போனி சித்திக்குச் சீக்கிரம் எழுது. ஆண்டவர் உன்னையும் எலியட்டையும் கண்போலக் காக்கட்டும், போக்கிலும் வரத்திலும் துணையிருக்கட்டும். வரும்போது வாசலிலேயே கொஞ்சம் நில், நான் உன் முகத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும், இடது கன்னத்திலிருந்து.

உன் அம்மா,
வெல்டா

பின்குறிப்பு: நெகட்டிவை வெளிச்சத்தில் பிடிக்கும்போது பளபளப்பான பக்கம் உன்னை நோக்கி இருக்கட்டும், அப்போது அதில் இருப்பது நீ. எப்போதாவது அவளைப் பார்க்கவேண்டும் போலிருந்தால், மங்கலான பக்கத்தைத் திருப்பிக்கொள். நிறைய நேரம் பார்க்காதே.