படத்தின் சொந்தக்காரர்

சாஆ,
14 ஜூலை 2025

மூவாரில் சுகமாக இருக்கும் சதாசிவம் அண்ணனுக்கு,

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கையெழுத்தை நான் போட்டுவிட்டேன், பள்ளிக்கூட பாரத்தில். உங்களுடையதைவிட அழகாகவே வந்திருக்கிறது. நீங்கள் போட்டால் கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

இரண்டு வருடமாகப் பேசாதவள் கடிதம் போட்டிருக்கிறாளே என்று அண்ணியிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு உங்கள் நம்பரை பிளாக் செய்தேன். திரும்பத் திறக்கும் வித்தை எனக்குத் தெரியாது. மகள் ஷர்மினியைக் கேட்டால் ஏன் எதற்கு என்பாள். ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ் இதற்காவது உதவட்டும். 'நீங்கள்' போட்டு எழுதுகிறேன், காரியம் ஆகவேண்டும் பாருங்கள்.

விஷயம் இதுதான். ஷர்மினிக்குப் பதினாறு வயது, பள்ளியில் இப்போது படிவம் நான்கு. அவளும் இன்னும் மூன்று பிள்ளைகளும் நம் சாஆ ஊர் வெள்ளத்தைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தார்கள். பெரிய அட்டை, நடுவில் நான்தான். இடுப்பளவு தண்ணீரில், தலையில் அரிசி மூட்டை, கக்கத்தில் ரைஸ் குக்கர், வாயை அகலத் திறந்துகொண்டு. நீங்கள் பிடித்து, பேப்பரில் வந்து, பரிசும் வாங்கிய அதே படம். அன்றிலிருந்து மார்க்கெட்டில் எனக்கு ரைஸ் குக்கர் அக்கா என்றுதான் பேர்.

வகுப்புக்குள் இருந்தவரை தொல்லை இல்லை. எங்கிருந்து எடுத்தது என்று கீழே எழுதினால் போதும், படிப்புக்குத்தானே என்று டீச்சர் விட்டுவிட்டார். இப்போது மாநிலக் கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. குளுவாங்கில் வைப்பார்களாம், புத்தகம் அடிப்பார்களாம், இன்டர்நெட்டில் போடுவார்களாம். அப்படி வெளியே போனால் படத்தின் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் தரவேண்டுமாம். தராவிட்டால் நாலு பிள்ளைகளும் வீட்டுக்கு.

பாரத்தில் 'படத்தின் சொந்தக்காரர்' என்று ஒரு கோடு இருந்தது. என் முகம், என் குக்கர், என் அரிசி. நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டீச்சர் போன் செய்தார்.

"அக்கா, முகம் உங்களுது. படம் புடிச்சது யாரு?"

"எங்கண்ணன்."

"அப்ப அவர்தான் சைன் பண்ணணும்."

"என்னைக் கேட்டா புடிச்சாரு?"

"கேக்கலன்னாலும் படம் அவருதுதான்கா. சட்டம் அப்படி."

மறுநாளே கடைசி நாள் என்றார்கள். போட்டுவிட்டேன். கண்காட்சி ஆட்கள் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். "ஆமா, என் கையெழுத்துதான்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் செய்தது ஷர்மினிக்குத் தெரியாது.

வசமாக மாட்டிக்கொண்ட தங்கை,
செல்லம்

*

மூவார்,
19 ஜூலை 2025

செல்லத்துக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் நலம். அண்ணிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது.

நேற்று கண்காட்சி ஆட்கள் கூப்பிட்டார்கள். சோபா பேக்டரியில் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே நின்றேன். "இப்ப கேக்கல சார், திங்கக்கிழமை கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கையெழுத்து என்னுடையது என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை. சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அந்தப் படம் இப்போது என்னுடையது இல்லை. போட்டிக்கு அனுப்பும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பரிசு பெறும் படத்தின் உரிமை முழுவதும் போட்டி நடத்திய கம்பெனிக்குப் போய்விடும் என்று அதில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு காலண்டரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் கடிதம் வந்ததும் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று சொன்னேன். வெளி ஆட்களுக்குத் தருவதில்லை என்றார்கள்.

டீச்சரிடம் உண்மையைச் சொல்லிவிடு. படத்தை எடுத்துவிடச் சொல். வேறு வழி இல்லை.

சதாசிவம்

*

சாஆ,
23 ஜூலை 2025

அண்ணே,

'நீங்கள்' போட்டுப் போட்டுக் கை வலிக்கிறது. இனி நீதான்.

டீச்சரிடம் சொல்லிவிட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்ட பாரத்தை அவர் என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். அதுகூடப் பரவாயில்லை. ஷர்மினி பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. விற்பதற்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டும்போது கூட உதவிக்கு வருகிறாள், ஆனால் வாழை இலையோடுதான் பேசுகிறாள். "அலமாக், எத்தன கிழிஞ்சிருக்கு" என்று இலையிடம் சொல்கிறாள். நானும் குழம்புச் சட்டியிடம் பதில் சொல்கிறேன்.

படத்தை எடுத்துவிடு என்று சுலபமாக எழுதிவிட்டாய். அவர்கள் புராஜெக்டே அந்த ஒரு படத்தைப் பற்றித்தான். அது எடுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, எடுத்த பிறகு அந்தப் பொம்பளை என்ன ஆனாள் என்று நான்கு பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். நடுவில் காலியாக விட்டுவிட்டு எதைக் காட்டுவது? ஆகஸ்ட் முதல் தேதிக்குள் சரியான பாரம் வராவிட்டால் அவர்கள் இடத்தை இன்னொரு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்களாம். டீச்சர் கெஞ்சி வாங்கிய தவணை அது.

நன்றாக இருக்கிறது அண்ணே. என் முகம் கம்பெனிக்குச் சொந்தம். முழங்கால் மட்டும் எனக்கு.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். உன் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், அன்று சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டார். நீ மூவாரிலிருந்து வந்துவிட்டாய் என்றதும் எனக்கு உயிர் வந்தது. நான் வாயைத் திறந்தது போராட்ட குணத்தால் இல்லை. பேப்பர்காரன் அப்படி எழுதிவிட்டான். "அண்ணே, கையக் குடு" என்று கத்தினேன். நீ கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அடுத்த அடியில் கால்வாய்க்குள் போய்விட்டேன், முழங்கால் உடைந்தது. கோழி பேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவள், இன்றைக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து சம்பல் கிண்டுகிறேன்.

இதை எழுதிய பிறகு மனசு லேசாக இருக்கும் என்று நினைத்தேன். பசிதான் எடுக்கிறது.

செல்லம்

*

மூவார்,
27 ஜூலை 2025

செல்லம்,

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் எடுத்தது மொத்தம் நான்கு. முதல் படம்தான் போட்டிக்குப் போனது. அதன்பிறகு எடுத்த இரண்டும் ஆடிவிட்டன, அழித்துவிட்டேன். இது நான்காவது. யாருக்கும் கொடுக்கவில்லை, உன் அண்ணியிடம் கூடக் காட்டவில்லை. ஆகையால் இது இன்னும் என்னுடையது. கம்பெனியைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

டீச்சரிடம் கேட்டுப் புதுப் பாரத்தை வாங்கி நிரப்பி, நானே கையெழுத்துப் போட்டு இதில் வைத்திருக்கிறேன். கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும்.

இதில் அரிசி மூட்டை இல்லை, விழுந்துவிட்டது. உன் கை என்னை நோக்கி நீண்டிருக்கிறது. இன்னும் ஒன்று எடுத்துவிட்டுக் கையைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நான்கு முறையும் அதையேதான் நினைத்தேன்.

காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

சதாசிவம்

*

சாஆ,
30 ஜூலை 2025

அண்ணே,

கிடைத்தது. டீச்சரிடம் பாரத்தைக் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகள் இடம் பிழைத்தது.

படத்தைப் பார்த்தேன். முதல் படத்தில் நான் கொஞ்சம் குண்டு. இதில் நெஞ்சு வரை தண்ணீருக்குள் இருப்பதால் ஒல்லியாகத் தெரிகிறேன். இதை அல்லவா போட்டிக்கு அனுப்பியிருக்க வேண்டும், மடையா.

ஷர்மினி ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு இலையை விட்டுவிட்டு என்னிடம் பேசினாள்.

"அம்மா, யாருக்குக் கைய நீட்டுறீங்க?"

"ஒன் மாமாவுக்கு."

"மாமா ஏன் புடிக்கல?"

"அவரு கையில கேமரா இருந்துச்சு லா."

"அப்புறம் யாரு தூக்குனா?"

"அவருதான். கேமராவத் தண்ணியில போட்டுட்டு குதிச்சாரு. அதுக்குள்ள இருந்த கார்டு மட்டும்தான் பொழச்சுது."

இதை இந்த இரண்டு வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. விழுந்ததை மட்டும்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ன பிறவி நீ.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். பாரத்தில் உள்ளபடி, படத்துக்குக் கீழே 'படம்: சதாசிவம்' என்று எழுதியாக வேண்டுமாம். ஷர்மினி 'அந்தப் பெண்ணின் அண்ணன்' என்றும் சேர்க்கப் போகிறாள். அப்போது கை நீட்டியது யாரிடம் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்துவிடும். உன் பெயர் அங்கே மாட்டிக்கொள்ளும். வேண்டாம் என்றால் பதினைந்தாம் தேதிக்குள் எழுது, இந்தப் படத்தையும் நானே எடுத்துவிடச் சொல்கிறேன். பரவாயில்லை என்றால் ஒன்றும் எழுதவேண்டாம்.

கண்காட்சி ஆகஸ்ட் 23, சனிக்கிழமை, குளுவாங்கில். பஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபம். நான் கூப்பிடுவதாக நினைக்காதே, சும்மா சொல்லி வைத்தேன்.

செல்லம்

*

23 ஆகஸ்ட் 2025

அண்ணே,

கண்காட்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், எழுத்து ஒரு மாதிரிதான் இருக்கும்.

ஷர்மினி கூட்டத்துக்கு மூன்றாம் இடம். ஒரு கோப்பையும் தலைக்கு ஒரு குடையும் கொடுத்தார்கள்.

நீ வந்தாய், வாசலில் நுழையும்போதே பார்த்துவிட்டேன். நீலச் சட்டை. அட்டைக்குப் பின்பக்கம் நான் உட்கார்ந்திருந்தது உனக்குத் தெரியாது. படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாய், உன் செருப்பு அட்டைக்கு அடியில் எனக்குத் தெரிந்தது. ஒரு அம்மா வந்து கேட்டார்.

"இந்தப் படத்துல இருக்கறது யாருங்க?"

"என் தங்கச்சி."

"அவங்க அண்ணன் எடுத்ததுன்னு போட்டிருக்கே. அப்ப..."

"ஆமாங்க. நான்தான்."

அந்த அம்மா அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். நீ நகரவில்லை. நான் முழங்காலைப் பிடித்து எழுந்து, அட்டையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாய். கொஞ்சம் மெதுவாக நடந்தால் என்ன?

பஸ் ஸ்டேஷன் பக்கம் நீலச் சட்டை போவதைப் பார்த்தேன். ஓடினேன். ஆமாம், நான்தான், ஓடினேன். "அண்ணே! சதாசிவம் அண்ணே!" என்று கத்தியதில் குளுவாங்கே திரும்பிப் பார்த்தது. நீலச் சட்டை ஒரு பஸ்ஸில் ஏறியது. நானும் ஏறினேன். கதவு மூடியது. பஸ் கிளம்பிய பிறகுதான் அவர் திரும்பினார். மீசை இருந்தது. சீனக்காரர். மிகவும் மரியாதையாக எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

நடுவழியில் நிறுத்த முடியாது என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். போன் ஷர்மினியின் பையில் இருக்கிறது. ஒரு கடைக்காரரிடம் போன் வாங்கி டீச்சரிடம் சொல்லியாகிவிட்டது, அவர் பிள்ளையை வீட்டில் விட்டுவிடுவார். உன் நம்பரையும் அழுத்தினேன். மனப்பாடமாகத்தான் இருக்கிறது. நீ எடுக்கவில்லை, பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பாய். 31ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அண்ணியையும் கூட்டிக்கொண்டு. நிற்கவைத்துப் படம் எடுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

நான் இப்போது மூவாருக்கு நேர் எதிர்த் திசையில், மெர்சிங்கில் இருக்கிறேன். கடல் நன்றாக இருக்கிறது. அடுத்த பஸ் ஆறரைக்காம்.

செல்லம்